இந்தியாவில் ஒரு வங்கி தன் பெயரை மாற்ற யாருடைய அனுமதி வேண்டும்?

தனியார் வங்கியும் சட்டப்படி ஒரு கம்பெனிதான். ஆகவே முதலில் பங்குதாரர்கள் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். எதிர்த்து விழும் வாக்குகளைப்போல் குறைந்தது மூன்று மடங்கு ஆதரவு தேவை.

வங்கிக்கு அது மட்டும் போதாது. 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 49பி, ஒரு பூட்டு போடுகிறது: ஆட்சேபமில்லை என்று ரிசர்வ் வங்கி எழுத்துப்பூர்வமாகச் சான்றளிக்காமல், மத்திய அரசு பெயர் மாற்றத்துக்கு ஒப்புதல் தரக்கூடாது. காரணம் எளிது. மக்கள் பெயரை நம்பித்தான் பணம் போடுகிறார்கள். இன்னொரு வங்கியோடு குழப்பும் பெயரோ, அரசு வங்கி என்று நினைக்கவைக்கும் பெயரோ வந்தால் ஏமாறுவது வாடிக்கையாளர்தான்.

தீர்மானம் நிறைவேறியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு. கம்பெனிப் பதிவாளர் புதிய பதிவுச் சான்றிதழ் தரும் நாளில்தான் பெயர் மாறுகிறது. அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்குப் பெயர்ப்பலகையிலும் கடிதத்தாளிலும் பழைய பெயரையும் சேர்த்தே காட்ட வேண்டும். நாடார் வங்கி 1962இல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கியானதும், யுடிஐ வங்கி 2007இல் ஆக்சிஸ் வங்கியானதும் பெயர் மாற்றங்களே. ஸ்டேட் வங்கி போன்றவற்றின் பெயர் நாடாளுமன்றச் சட்டத்திலேயே இருப்பதால், அவற்றின் வழி வேறு.

அரசிதழில் பெயர் மாற்றிக்கொண்டவர் வாங்கிய கடன் அவரைவிட்டுப் போகாதல்லவா? இங்கும் அப்படியே.

பெயர் மாற்றமும் இணைப்பும் ஒன்றல்ல: இணைப்பில் ஒரு வங்கி இன்னொன்றுக்குள் கரைகிறது, பெயர் மாற்றத்தில் அதே வங்கிதான், உங்கள் வைப்பும் கடனும் அப்படியே தொடரும்.