ஃப்ரான்சைஸ் துறை வளர்கிறதாம், ஓய்வுக்காலப் பணத்தைப் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 51. விருப்ப ஓய்வில் வந்த தொகை வைப்பு நிதியில் இருக்கிறது. பெயர் தெரிந்த ஒரு பிராண்டின் கிளையை ஃப்ரான்சைஸாக, அதாவது அவர்கள் பெயரில் என் பணத்தில் கடை நடத்தும் உரிமையாக, எடுக்கச் சொல்லி அழைக்கிறார்கள். 'நாட்டின் பொருளாதாரத்தைவிட ஃப்ரான்சைஸ் துறை வேகமாக வளர்கிறது. சொந்தமாகக் கடை போடுகிறவர்கள் தோற்கிற அளவுக்கு ஃப்ரான்சைஸ் எடுத்தவர்கள் தோற்பதில்லை' என்று கையேடு முழுக்க வரைபடங்கள். சேமிப்பில் மூன்றில் இரண்டு பங்கைப் போட்டு, குறைவதற்கு வீட்டை அடமானம் வைக்கலாம் என்று யோசிக்கிறேன். இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டினால் சேர்க்கைக் கட்டணத்தில் சலுகை உண்டாம். துறையே வளரும்போது பயப்பட என்ன இருக்கிறது?

பதில்: முன்பணத்தை இந்த மாதம் கட்டாதீர்கள். சலுகை போனால் போகட்டும். மற்றதைப் பிறகு பேசலாம்.

துறை வளர்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. பல நாடுகளில் அது உண்மைதான். அமெரிக்காவில் மட்டும் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ஃப்ரான்சைஸ் கிளைகள் இயங்குகின்றன. ஆனால் இந்தக் கணக்குகளில் பெரும்பாலும் எதை எண்ணுகிறார்கள்? எத்தனை கிளைகள், எத்தனை வேலைகள், மொத்த விற்பனை எவ்வளவு. கடை நடத்துகிறவர் கைக்கு மாதக் கடைசியில் என்ன வந்தது என்பது அந்த வரைபடத்தில் இருக்காது. தாய் நிறுவனம், அதாவது பிராண்டின் சொந்தக்காரர், வாழ்வது உங்கள் விற்பனையை வைத்து. நீங்கள் வாழ வேண்டியது லாபத்தை வைத்து. இரண்டும் ஒன்றாகவே ஏறி இறங்கும் என்று நினைத்துத்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் தொழிலில் வேறாக இருக்கும். மாத விற்பனை 100 என்று வையுங்கள். சரக்குக்கு 34, சம்பளத்துக்கு 24, வாடகைக்கு 14, மின்சாரமும் சில்லறைச் செலவும் 8, கடன் தவணையும் இயந்திரத் தேய்மானமும் 5. பிராண்டின் பெயரைப் பயன்படுத்துவதற்காக விற்பனையில் ஒரு பங்காகத் தாய் நிறுவனத்துக்குக் கட்டும் ராயல்டி 6, அதனிடமே கட்டும் விளம்பர நிதி 3. மொத்தச் செலவு 94, மிச்சம் 6. நாள் முழுக்கக் கடையில் நிற்கும் உங்களுக்கான சம்பளமும் அந்த 6-க்குள்தான்.

விற்பனை 90 ஆகக் குறைந்தால்? சரக்கு 30.6, ராயல்டியும் விளம்பர நிதியும் சேர்த்து 8.1. மற்றவை அசையாது, அதே 51. மிச்சம் 0.3. தாய் நிறுவனத்துக்குப் பத்தில் ஒரு பங்கு வருமானம் குறைந்தது. உங்களுக்கு ஏறக்குறைய எல்லாமே போயிற்று.

இன்னொன்றும் நடக்கும். உங்கள் கடை நன்றாக ஓடுவதைப் பார்த்து, அதே பிராண்ட் பக்கத்திலேயே இன்னொருவருக்குக் கிளை கொடுக்கிறது. உங்கள் விற்பனை 85, புதுக் கடைக்கு 70 என்று வையுங்கள். நிறுவனத்துக்கு 9 வந்த இடத்தில் இப்போது ஏறத்தாழ 14 வருகிறது. நீங்கள் மாதம் 2.5 நஷ்டத்தில் நிற்கிறீர்கள். அடுத்த ஆண்டு வரைபடத்தில் இதுவும் 'துறை வளர்ச்சி' என்றுதான் ஏறும்: ஒரு கிளை இருந்த இடத்தில் இரண்டு, 100 விற்ற இடத்தில் 155. அதனால்தான் துறை எவ்வளவு வளர்ந்தது என்று கேட்காமல், ஓராண்டுக்கு மேல் பழைய கடைகளின் விற்பனை எவ்வளவு கூடியது என்று கேளுங்கள் என்கிறேன். உங்கள் எல்லைக்குள் வேறு கிளை திறக்க மாட்டோம் என்ற உறுதி ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். ஆன்லைன் ஆர்டர்கள் யார் கணக்கில் சேரும் என்பதும் அதிலேயே வேண்டும்.

தாய் நிறுவனத்தின் வருமானம் ராயல்டியோடு முடிந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். மெக்டொனால்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கிளைகளில் ஏறத்தாழ 95 சதவீதம் ஃப்ரான்சைஸ்காரர்களுடையவை. அவர்களிடமிருந்து அந்த நிறுவனத்துக்கு ராயல்டியாக வருவதைவிட வாடகையாக வருவது அதிகம். இடத்தைத் தன் பிடியில் வைத்துக்கொண்டு கடைக்காரருக்கு வாடகைக்கு விடும் அந்த ஏற்பாடு 1956-இலேயே தொடங்கிவிட்டது. வேறு சில நிறுவனங்கள் சரக்கை விற்றே சம்பாதிக்கின்றன. 'எங்களிடம் மட்டுமே வாங்க வேண்டும்' என்ற வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால், அதே சரக்கின் வெளிச்சந்தை விலையை விசாரியுங்கள். வித்தியாசம்தான் நீங்கள் கட்டப்போகும் இரண்டாவது ராயல்டி.

அடுத்தது அந்தத் 'தோற்பதில்லை' கதை. 95 சதவீதம் வெற்றி என்ற ரீதியில் ஒரு எண் அமெரிக்காவில் பல ஆண்டுகள் சுற்றி வந்தது. கடைசியில் அங்குள்ள ஃப்ரான்சைஸ் நிறுவனங்களின் சங்கமே 2005-இல், இப்படிப்பட்ட எண்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று தன் உறுப்பினர்களுக்கு எழுதியது. டிமதி பேட்ஸ் என்ற பொருளியலாளர் 1990-களில் ஆராய்ந்தபோது, புதிதாகத் தொடங்கிய ஃப்ரான்சைஸ் கடைகள் தனிக் கடைகளைவிடக் குறைவாகவே பிழைத்திருந்தன. எல்லா நாட்டுக்கும் எல்லாக் காலத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையேட்டுக்காரர்கள் சொல்வதும் பொருந்தாது. ஒருவர் நஷ்டப்பட்டு, போட்ட பணத்தில் கால்வாசிக்குக் கடையை இன்னொருவருக்கு விற்றுவிட்டுப் போனால் அந்தக் கடை மூடவில்லை அல்லவா? மூடிய கிளைகளை மட்டும் எண்ணும் கணக்கில் அது வெற்றிதான்.

இதையெல்லாம் நீங்களாகவே துப்புத் துலக்க வேண்டுமா என்பது உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. அமெரிக்காவில் 1979 முதல் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் விதி இருக்கிறது. பணம் வாங்கவோ கையெழுத்து வாங்கவோ 14 நாள் முன்னதாக, தாய் நிறுவனம் தன் விவரங்களை 23 தலைப்புகளில் எழுதிய ஆவணத்தைக் கொடுத்தாக வேண்டும். அதில் எனக்குப் பிடித்தது 20-வது தலைப்பு. கடந்த மூன்று ஆண்டுகளில் திறந்தவை, மூடியவை, கைமாறியவை எல்லாம் தனித்தனியாக அங்கே அட்டவணையில் வரும். நான் அந்த ஆவணத்தைக் கையில் எடுத்தால் முதலில் புரட்டுவது அதைத்தான். பிரான்சில் 1989-இல் வந்த சட்டம் 20 நாள் அவகாசம் தருகிறது. ஆஸ்திரேலியாவில் 1998 முதல் கட்டாய நடத்தை விதித் தொகுப்பு உண்டு. சீனாவில் 2007 விதிப்படி, குறைந்தது இரண்டு கடைகளை ஓராண்டுக்கு மேல் தானே நடத்தியிருந்தால்தான் ஒரு நிறுவனம் ஃப்ரான்சைஸ் கொடுக்கலாம். இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டமே இல்லை. பொதுவான ஒப்பந்தச் சட்டம், வணிகக்குறிச் சட்டம் ஆகியவற்றைக் கொண்டுதான் சமாளிக்க வேண்டும்.

உங்கள் நாட்டில் சட்டம் இருக்கிறதோ இல்லையோ, கேட்பதற்குத் தடையில்லை. மூன்று ஆண்டுகளின் கிளைக் கணக்கைக் கேளுங்கள். நிறுவனம் தானே நடத்தும் கடைகளின் லாப நஷ்டக் கணக்கையும் கேளுங்கள். சொந்தக் கடை ஒன்றுகூட இல்லாமல் கிளை விற்றுக்கொண்டிருந்தால், அவர்களுடைய தொழில் கிளை விற்பதுதான். பிறகு, விலகிப் போன ஐந்து பேரையாவது கண்டுபிடித்துப் பேசுங்கள். இப்போது நடத்துகிறவர்களிடம் கேட்டால் பாதி உண்மைதான் வரும். நாளைக்குத் தன் கடையை உங்களிடமே விற்க நினைப்பவராகக்கூட அவர் இருக்கலாம்.

இனி உங்கள் பணம். வீட்டை அடமானம் வைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. பெரும்பாலான நிறுவனங்கள் கடை வாடகைக்கும் கடனுக்கும் உங்கள் தனிப்பட்ட உத்தரவாதத்தைக் கேட்கும். கடை மூடினாலும் அந்தப் பொறுப்பு உங்களைத் தொடரும். 35 வயதில் விழுந்தால் எழுந்துகொள்ளலாம். 51-இல் சம்பாதிக்கும் ஆண்டுகள் அவ்வளவு மிச்சமில்லை. சேமிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதில் போக வேண்டாம். அதிலும் சேர்க்கைக் கட்டணம், அலங்காரம், இயந்திரம் எல்லாம் போக, ஓராண்டு நஷ்டத்தைத் தாங்கும் நடைமுறை மூலதனம், அதாவது கடையை அன்றாடம் ஓட்டுவதற்கான பணம், அடங்கியிருக்க வேண்டும். கையேட்டில் போட்டிருக்கும் 'மொத்த முதலீடு' பெரும்பாலும் கடை திறக்கும் நாளோடு நின்றுவிடும். வீட்டுச் செலவுக்கு 18 மாதப் பணத்தைத் தனியாக ஒதுக்கி, அதைத் தொடாதீர்கள்.

அந்தத் தொகைக்குள் இந்த பிராண்ட் அடங்கவில்லை என்றால், அது உங்களுக்கான பிராண்ட் இல்லை. ஏற்கெனவே இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடிய கிளையை யாராவது விற்கிறார்களா என்று பாருங்கள். அங்கே வரைபடத்துக்குப் பதில் வரிக் கணக்கும் வங்கிக் கணக்கும் இருக்கும். 'கடை உங்களுடையது, நடத்துவது நாங்கள், மாதா மாதம் நிச்சய வருமானம்' என்று யாராவது வந்தால் மட்டும் பேச்சை நீட்டாதீர்கள். அது நீங்கள் அவர்களுக்குக் கொடுக்கும் கடன், பிணை இல்லாத கடன்.

ஒப்பந்தத்தை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். நிறுவனம் சிபாரிசு செய்கிறவர் வேண்டாம். கடைக் குத்தகை ஒன்பது ஆண்டு, ஃப்ரான்சைஸ் ஐந்து ஆண்டு என்று இருந்தால் மீதி நான்கு ஆண்டு வாடகைக்கு யார் பொறுப்பு என்று அவரிடம் கேளுங்கள். புதுப்பிக்கும்போது கடையை முழுதாக மாற்றி அமைக்கும் செலவு யாருடையது, விலகிய பிறகு அதே தொழிலை நீங்கள் செய்ய முடியுமா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த முன்பணம் பற்றி நிறுவனத்திடம் மின்னஞ்சலில் ஒரே ஒரு கேள்வி அனுப்புங்கள்: ஒப்பந்தத்தைப் படித்த பிறகு நான் வேண்டாம் என்றால் எத்தனை நாளில், எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? தொலைபேசியில் பதில் சொன்னால், அதையே எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.