நுரையீரல் கட்டியில் மைக்ரோ ஆர்என்ஏ: சில கேள்விகள், என் பதில்கள்

நுரையீரல் கட்டித் திசுவில் மரபணு, மைக்ரோ ஆர்என்ஏ அளவுகளைப் பார்ப்பதுதான் எனக்கு அன்றாட வேலை. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

சார், மைக்ரோ ஆர்என்ஏ என்பதும் மரபணு வெளிப்பாடு என்பதும் ஒன்றுதானா?

இல்லை. ஒரு மரபணுவிலிருந்து எவ்வளவு தூது ஆர்என்ஏ (புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் நகல்) படியெடுக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் வெளிப்பாடு என்று அளக்கிறோம். மைக்ரோ ஆர்என்ஏ ஏறக்குறைய 22 எழுத்து நீளமுள்ள துணுக்கு. அதிலிருந்து புரதம் உருவாகாது. தூது ஆர்என்ஏவில் போய் ஒட்டிக்கொண்டு புரத உற்பத்தியைக் குறைக்கும், பெரும்பாலும் அந்தத் தூதையே சிதையவும் வைக்கும். ஒரு சின்னப் புழுவில் 1993இல் தெரியவந்த விஷயம் இது. அதற்காக விக்டர் அம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024இல் நோபல் கிடைத்தது.

அதே புழுவில் பிறகு கிடைத்த மைக்ரோ ஆர்என்ஏதான் லெட்-7. நுரையீரல் கட்டிகள் பலவற்றில் அது குறைந்திருக்கிறது என்று 2004இல் தெரிந்தது. அது அணு வளர்ச்சியைத் தூண்டும் ராஸ் மரபணுவை அடக்கி வைக்கிறது என்பது அடுத்த ஆண்டு வெளிவந்தது. மிர்-21 என்ற இன்னொரு மைக்ரோ ஆர்என்ஏ இதற்கு நேர் எதிர்: கட்டியில் ஏறும், பி-டென் (PTEN) போன்ற, புற்றைத் தடுக்கும் காவல் மரபணுக்களை அமுக்கும்.

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். பயாப்சியில் இஜிஎஃப்ஆர் மரபணுவில் மாற்றம் இருப்பதாக வந்திருக்கிறது. மைக்ரோ ஆர்என்ஏ பரிசோதனையும் செய்ய வேண்டுமா?

வேண்டாம் அம்மா. இஜிஎஃப்ஆர் பரிசோதனை அந்த மரபணுவின் டிஎன்ஏவில் எழுத்து மாறியிருக்கிறதா என்று பார்ப்பது. அதை வைத்து மாத்திரையைத் தேர்ந்தெடுக்க முடியும். மைக்ரோ ஆர்என்ஏ அளவைப் பார்த்து மருந்து முடிவு செய்யும் வழக்கம் இன்னும் வரவில்லை. ஏஎல்கே மரபணு, பிடி-எல்1 புரதம் முதலிய மற்றப் பரிசோதனைகளின் முடிவு வந்துவிட்டதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதுதான் இப்போது முக்கியம்.

கட்டியையும் பக்கத்துச் சாதாரணத் திசுவையும் ஒப்பிட்டேன். மிர்-486, மிர்-451, மிர்-126 மூன்றும் கட்டியில் பாதாளத்துக்குப் போய்விட்டன. புற்றை அடக்கும் மைக்ரோ ஆர்என்ஏக்கள் என்று எழுதலாமா, சார்?

கொஞ்சம் பொறுங்கள். இந்த மூன்றும் எந்த அணுவில் (செல்லில்) அதிகம் என்று பார்த்தீர்களா? 451, 486 இரண்டும் ரத்தச் சிவப்பணுவில் குவிந்து கிடப்பவை. 126 ரத்தக்குழாயின் உட்சுவர் அணுவுக்கு உரியது. சாதாரண நுரையீரல் என்பதே காற்றறைகளைச் சுற்றிப் பின்னிய நுண்குழாய் வலைதான், அதை நிறைத்து ரத்தம். அந்த இடத்தைக் கட்டி அடைத்துக்கொண்டால் குழாயும் ரத்தமும் குறையும், கூடவே இந்த மூன்றும் குறையும். புற்றணுவுக்குள் எதுவுமே மாறாவிட்டாலும் உங்களுக்கு இதே வரைபடம் வந்திருக்கும்!

மிர்-486 புற்றணுவில் வேலையே செய்வதில்லை என்று சொல்லவில்லை. செய்கிறது என்று காட்ட இந்த ஒப்பீடு போதாது என்கிறேன். ஆர்என்ஏ எடுத்த அதே துண்டிலிருந்து ஒரு ஸ்லைடு வெட்டிப் பேத்தாலஜிஸ்டிடம் காட்டுங்கள், புற்றணு எத்தனை சதவீதம் என்று சொல்வார். நான் ஒரு முறை இதைச் செய்யாமல் ஒரு தொகுதி முழுவதையும் ஓட்டிவிட்டேன். அப்புறம் ஸ்லைடைப் பார்த்தால், ‘கட்டி’ என்று சீட்டு ஒட்டியிருந்த மாதிரிக் குப்பிகளில் ஒன்றில் இருந்தது முக்கால்வாசி அழற்சித் திசு. முடிந்தால் இன் சிட்டு முறையில் (திசு வெட்டிலேயே மைக்ரோ ஆர்என்ஏவுக்கு நிறமேற்றுவது) எந்த அணு நிறம் பிடிக்கிறது என்றும் பாருங்கள்.

இன்னொன்று: நுரையீரல் புற்றின் இரு வகைகளான அடினோகார்சினோமாவையும் ஸ்குவாமஸையும் ஒரே குவியலில் போட்டிருக்கிறீர்களா? மிர்-205 ஸ்குவாமஸில் மட்டும் எகிறி நிற்கும். கலந்துவிட்டால் சராசரி எதையும் சொல்லாது.

பிசிஆரில் (சுற்றுச் சுற்றாகப் பெருக்கி அளக்கும் முறை) கட்டியில் மிர்-21 எட்டு மடங்கா, பதினாறு மடங்கா? ஒப்பிடும் அளவுகோலாக யு6 என்ற சிறு ஆர்என்ஏவை வைத்தால் ஒரு விடை, வேறொன்றை வைத்தால் வேறு விடை.

நல்ல கேள்வி, கணக்கைப் போட்டே பார்ப்போம். மிர்-21 சாதாரணத் திசுவில் 27ஆவது சுற்றில் தெரிகிறது, கட்டியில் 24இல். அளவுகோலாக வைத்தது இரண்டிலும் 20 என்றால் வித்தியாசம் 3 சுற்று; சுற்றுக்கு இரண்டு மடங்கு என்பதால் 8 மடங்கு. யு6 கட்டியில் 21க்கு நகர்ந்திருந்தால் வித்தியாசம் 4 ஆகிவிடும், 16 மடங்கு. மிர்-21 அசையவே இல்லை, அளவுகோல்தான் நழுவியது. யு6 நீளத்திலும் உருவாகும் வழியிலும் வேறு சாதி. அதை மட்டும் நம்பாதீர்கள். மிர்-191, மிர்-103 போன்று இரண்டு மூன்றை எடுத்து, முதலில் உங்கள் மாதிரிகளிலேயே அவை நிலையாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பழைய பாரஃபின் பிளாக்குகள்தான் (ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பதித்த திசு) இருக்கின்றன. பயன்படுமா?

மைக்ரோ ஆர்என்ஏவுக்குப் பயன்படும். ஃபார்மலினில் நீளமான தூது ஆர்என்ஏ துண்டு துண்டாகிவிடும். இது ஏற்கெனவே துண்டு, புரதத்தின் பிடியிலும் இருப்பதால் தப்பித்துவிடுகிறது. ஆனால் பிளாக்கையும் உறைந்த திசுவையும் ஒரே ஒப்பீட்டில் கலக்காதீர்கள்.

கணிப்பு மென்பொருள் ஒரு மைக்ரோ ஆர்என்ஏவுக்கே நூற்றுக்கணக்கான இலக்குகளைத் தருகிறது. எப்படிப் பொறுக்குவது?

அது பார்ப்பது முக்கியமாக மைக்ரோ ஆர்என்ஏவின் 2 முதல் 8 வரையிலான எழுத்துகள் தூது ஆர்என்ஏவோடு பொருந்துகின்றனவா என்பதை. அவ்வளவு சின்னப் பொருத்தம் எங்கும் அகப்படும். உங்கள் திசுவிலேயே மைக்ரோ ஆர்என்ஏ ஏறும்போது இறங்கும் மரபணுக்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 20,000 மரபணுக்களை 0.05 என்ற வரம்பில் சோதித்தால், எதுவுமே மாறாதபோதும் தற்செயலாகவே சுமார் 1,000 ‘மாற்றங்கள்’ வரும். அதனால் பலமுறைச் சோதனைக்கான திருத்தம் கட்டாயம். மிஞ்சுவதில் ஒன்றை எடுத்து, ஒட்டும் இடத்தை மாற்றி லூசிஃபரேஸ் சோதனை (அடக்குதலை ஒளியின் அளவால் பார்ப்பது) செய்யுங்கள். ஒட்டும் இடத்தைக் கெடுத்ததும் அடக்குதல் நின்றால்தான் அது இலக்கு.

மைக்ரோ ஆர்என்ஏவையே மருந்தாகக் கொடுக்க முடியாதா?

முயன்றார்கள். மிர்-34ஐக் கொழுப்புத் துளியில் அடைத்துப் பலவகைக் கட்டி உள்ளவர்களுக்குக் கொடுத்த முதல்கட்டச் சோதனை, கடுமையான நோயெதிர்ப்பு விளைவுகளால் 2016இல் நிறுத்தப்பட்டது. கட்டிக்குள் மட்டும் கொண்டுசேர்க்கும் வழிதான் இன்னும் சிக்கல்.