டக்ளஸ் குடும்பம்: நட்சத்திரம் மூத்தது, இதயம் இளையது

ஸ்காட்லாந்தின் டக்ளஸ் பிரபுக்கள் பற்றியும் அவர்கள் கேடயத்தில் வரையும் குடும்பச் சின்னம் பற்றியும் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: கேடயத்தில் சிவப்பு இதயம் எதற்கு சார்? காதல் கதையா?

காதல் இல்லை, விசுவாசம். மன்னர் ராபர்ட் புரூஸ் 1329-இல் இறந்தார். தன் இதயத்தைப் புனிதப் போருக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் ஆசை. அந்தப் பொறுப்பை ஏற்றவர் அவருடைய தளபதி சர் ஜேம்ஸ் டக்ளஸ். ஆனால் எருசலேம்வரை போகவில்லை. 1330-இல் ஸ்பெயினில், தேபா கோட்டை அருகே கிரனாடா முஸ்லிம் அரசின் படையோடு மோதி இறந்தார். இதயம் திரும்பி வந்து மெல்ரோஸ் மடாலயத்தில் அடக்கமானது. அதை எதிரிகள் நடுவே வீசிவிட்டுப் பின்னாலேயே பாய்ந்தார் என்பதெல்லாம் பிற்கால மசாலா.

கேள்வி: அதற்கு முன் சின்னம் கிடையாதா?

உண்டு. வெள்ளைக் கேடயம், மேலே நீலப் பட்டை, அதில் மூன்று வெள்ளி நட்சத்திரங்கள். மரே என்ற இன்னொரு ஸ்காட்லாந்துப் பிரபுக் குடும்பத்துக்கும் நீலத்தில் மூன்று வெள்ளி நட்சத்திரங்கள்தான். இரண்டு வீட்டுக்கும் ஒரே மூதாதை என்று சிலர் ஊகிப்பது இதனால்தான். ஜேம்ஸுக்குப் பின் வந்தவர்கள்தான் இதயத்தைச் சேர்த்தார்கள். அதன்மேல் கிரீடம் ஏறியது இன்னும் பிறகு.

கேள்வி: கறுப்பு டக்ளஸ், சிவப்பு டக்ளஸ் என்று இரண்டு கிளை வருகிறது. வம்சாவளி வரையும்போது தலை சுற்றுகிறது. எங்கே பிரிந்தார்கள்?

எல்லாருக்கும் சுற்றும். டக்ளஸ் ஏர்ல் (ஏர்ல் என்பது ஒரு பிரபுப் பட்டம்) ஆன முதல் ஆள் வில்லியம், சர் ஜேம்ஸின் தம்பி மகன். வில்லியமின் மகன் இரண்டாம் ஏர்ல் 1388-இல் ஆட்டர்பர்ன் போரில் இறந்தார். முறைப்படியான பிள்ளை இல்லை. அப்போது பட்டம் போனது யாருக்கு? சர் ஜேம்ஸுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த ஆர்ச்சிபால்டுக்கு! 1342-இல் எழுதிய சொத்து ஏற்பாட்டில் அவர் பெயரும் கடைசியாக இருந்தது, அது கைகொடுத்தது. இது கறுப்புக் கிளை.

சிவப்புக் கிளையும் அப்படித்தான். முதல் ஏர்லுக்கும் அவர் மைத்துனரின் விதவையான ஆங்கஸ் சீமாட்டிக்கும் பிறந்த ஜார்ஜ், 1389-இல் ஆங்கஸ் ஏர்ல் ஆனார். ஆகவே வரைபடத்தில் நேர்கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் இரண்டு கிளையுமே காணாமல் போய்விடும். புள்ளிக்கோடு போட்டு இணையுங்கள்.

கேள்வி: 1440 விருந்தில் காளைத் தலை வைத்தார்களாமே?

ஆறாம் ஏர்லையும் தம்பியையும் எடின்பரோ கோட்டைக்கு வரவழைத்துத் தலையை வெட்டியது உண்மை. சாவுக்கு அடையாளமாகக் காளைத் தலையை மேசையில் வைத்தார்கள் என்ற கதை பின்னால் ஒட்டிக்கொண்டது. இதற்குப் பின்னால் யார் என்றால், என் சந்தேகம் அவர்களுடைய தாத்தாவின் தம்பி மேல்தான். அடுத்த ஏர்ல் அவரே.

கேள்வி: டக்ளஸ் சின்னம் போட்ட குவளை வாங்கினேன். அந்தப் பெயர் உள்ள எல்லாருக்கும் அது சொந்தமா?

இல்லை. ஸ்காட்லாந்துச் சட்டப்படி ஒரு கேடயச் சின்னம் ஒரே ஒருவருக்குத்தான். லார்டு லயன் என்ற அதிகாரி இதற்குத் தனி நீதிமன்றமே நடத்துகிறார். இன்றைக்கு டக்ளஸ் குலத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட தலைவரும் இல்லை: ஆண்வழி வாரிசான ஹாமில்டன் டியூக், டக்ளஸ்-ஹாமில்டன் என்று இரட்டைப் பெயர் வைத்திருக்கிறார், இரட்டைப் பெயர்க்காரரைத் தலைவராக ஏற்பதில்லை. குவளையில் தாராளமாக டீ குடியுங்கள், லெட்டர்பேடில் மட்டும் அச்சடித்துவிடாதீர்கள்.