ஹனோய்க்குப் போகலாமா? களுவாஞ்சிக்குடித் தங்கச்சிக்கு ஒரு பதில்

கேள்வி: நான் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருட மாணவி, ஊர் களுவாஞ்சிக்குடி. மாணவர் அமைப்பொன்றின் மூலம் வியட்நாமின் ஹனோய் நகரில் ஆறு கிழமை பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கத் தெரிவாகியிருக்கிறேன். ஜனவரி நடுவில் பயணம். ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கவைப்பார்களாம். அம்மாவுக்கு ஒரே பயம். எனக்கும் சாப்பாடு, குளிர், தனிமை எல்லாம் யோசனையாக இருக்கிறது. வெள்ளிக்கிழமையில் நான் மச்சம் தொடுவதில்லை. போகலாமா?

பதில்: போங்கள், தங்கச்சி. ஆனால் ஜனவரி நடுவில் வேண்டாம். வியட்நாமியரின் புதுவருடமான தெத், ஜனவரி பிற்பகுதிக்கும் பெப்ரவரி நடுப்பகுதிக்கும் இடையில் வரும். பள்ளிக்கூடங்கள் ஒரு கிழமைக்கு மேல் மூடிக்கிடக்கும், கடைகள் பூட்டியிருக்கும், உங்களைக் கூட்டிவந்த மாணவர்களும் ஊருக்குப் போய்விடுவார்கள். ஆறு கிழமையில் ஒன்றரைக் கிழமை இப்படிப் போனால் மிஞ்சுவது என்ன? தெத் முடிந்த பிறகு தொடங்கும் திட்டம் இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். இல்லையென்றால், விடுமுறை நாட்களில் என்ன வேலை, யார் துணை என்பதையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எதைக் கேட்டாலும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். இந்த அமைப்புகளை நடத்துவதும் உங்களைப் போன்ற மாணவர்கள்தான். 1948இல் தொடங்கிய ஐசெக் போன்ற பெரிய அமைப்பிலும் பொறுப்பாளர்கள் வருடா வருடம் மாறுகிறார்கள். இன்று உங்களோடு கதைப்பவர், நீங்கள் போய் இறங்கும்போது பதவியில் இல்லாமல் இருக்கலாம். பரீட்சைக் காலமென்றால் போனையும் எடுக்கமாட்டார். அதனால் பள்ளிக்கூடத்தின் பெயர், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் வகுப்பு, வீட்டு முகவரி, அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், உங்கள் அறைக்குப் பூட்டு உண்டா, எத்தனை வேளைச் சாப்பாடு, விமான நிலையத்துக்கு யார் வருவார் என்பதெல்லாம் மின்னஞ்சலில் வந்த பிறகே ரிக்கெற் எடுங்கள். அமைப்புக்குக் கட்டும் காசு வேறு, ரிக்கெற், விசா, காப்புறுதிச் செலவு வேறு.

விசாவில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். வியட்நாம் 2023 ஓகஸ்ட் முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரையான இலத்திரனியல் விசா தருகிறது. ஒரு தடவை நுழைய 25 டொலர். அரசின் சொந்த இணையத்தளத்திலேயே விண்ணப்பியுங்கள், அதே தோற்றத்தில் கூடக் காசு பிடுங்கும் முகவர் தளங்கள் ஏராளம். எங்கள் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயரும் சேர்ந்து நீளமாக இருக்கும். விசாவில் அதில் ஓர் எழுத்து மாறினாலும் விமானத்தில் ஏறவிடமாட்டார்கள். தொண்டு வேலைக்கு எந்த வகை விசா பொருந்தும் என்பதையும் அங்குள்ள அமைப்பே எழுதித் தரவேண்டும். “எல்லாரும் சுற்றுலா விசாவில்தான் வருகிறார்கள்” என்ற பதிலை ஏற்காதீர்கள். பிடிபட்டால் அபராதம் உங்களுக்குத்தான். நீங்கள் தங்குவதை வீட்டுக்காரர் பொலிஸில் பதிய வேண்டும், போன அன்றே அதை நினைவூட்டுங்கள்.

மலிவு என்று இரண்டு தனித்தனி ரிக்கெற் எடுத்தால், இடைநாட்டில் பெட்டியை எடுத்துத் திரும்பப் போட அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம். ஒரே ரிக்கெற்றாக எடுங்கள். கட்டுநாயக்காவில் அதிகாரிகள் துருவிக் கேட்டால் கோபப்படவேண்டாம். வேலை என்று சொல்லித் தாய்லாந்துக்குக் கூட்டிப்போய், மியன்மாரின் இணைய மோசடி முகாம்களில் எங்கள் நாட்டு இளைஞர்களை அடைத்துவைத்த கொடுமை நடந்திருக்கிறது. அழைப்புக் கடிதம், திரும்பும் ரிக்கெற், காப்புறுதி மூன்றையும் கையில் வைத்திருங்கள். கடைசி நேரத்தில் “முதலில் பாங்கொக் வாருங்கள்” என்று யாராவது சொன்னால் வீட்டிலேயே நில்லுங்கள்.

குளிர் நுவரெலியாவைப் போலத்தான், ஆனால் ஈரக் குளிர். வீடுகளில் சூடாக்கி இருப்பது குறைவு, தரை ஓடு சில்லிடும், உடுப்பு இரண்டு நாளானாலும் காயாது. உள்ளே போட மெல்லிய உடுப்பு மூன்று சோடி, கம்பளிச் சட்டை ஒன்று, மழை புகாத மேற்சட்டை ஒன்று, சொக்ஸ் ஆறு சோடி போதும்.

சாப்பாட்டில் கவனிக்கவேண்டியது மீன்சாறு, அதாவது மீனை உப்பில் ஊறவைத்து எடுக்கும் சாறு. வெறும் கீரை வதக்கலிலும் அதை விடுவார்கள், சூப் பன்றி எலும்பில் கொதித்ததாக இருக்கும். “மரக்கறி மட்டும்” என்று சொன்னால் போதாது, “சாய்” என்று கேளுங்கள். அது பௌத்தர்களின் சைவச் சாப்பாடு, மீன்சாறும் சேராது. அமாவாசைக்கும் பறுவத்துக்கும் அங்கே நிறையப் பேர் சாய்தான் சாப்பிடுவார்கள், ஆகவே உங்கள் வெள்ளிக்கிழமை விரதத்தை அந்த வீட்டம்மாவுக்கு விளக்குவது கஷ்டமாக இருக்காது. கறித்தூள் 250 கிராம் கொண்டுபோங்கள். குளிருக்கு ஜன்னல் பூட்டிய வீட்டில் தாளித்த மணம் நாள்கணக்கில் நிற்கும், கேட்டுவிட்டுச் சமையுங்கள்.

இரவுச் சாப்பாடு ஆறரை, ஏழு மணிக்கே முடிந்துவிடும். சோற்றில் சாப்பிடும் குச்சிகளை நிமிர்த்திக் குத்தாதீர்கள், அது செத்தவர்களுக்கு ஊதுபத்தி வைக்கும் முறை. கண்டவுடன் வயதைக் கேட்பார்கள். அக்காவா தங்கச்சியா என்று தெரிந்தால்தான் அவர்களால் உங்களைக் கூப்பிட முடியும். காசில் 20,000 டொங், 500,000 டொங் தாள்கள் இரண்டும் நீலம், வெளிச்சத்தில் பார்த்துக் கொடுங்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டவேண்டாம். அங்கே செல்லும் உரிமம் இல்லாமல் விபத்துப் பட்டால் காப்புறுதி தரமாட்டாது.

வகுப்பில் நாற்பது பிள்ளைகள் வரை இருக்கலாம், ஆரம்பப் பள்ளிப் பாடம் 35 நிமிடம். இலக்கண விளக்கம் எடுபடாது. வாவி, தோணி, இடியப்பம், உங்கள் வீட்டு முற்றம் என்று இருபது படம் அச்சடித்துக் கொண்டுபோங்கள், ஒரு படத்துக்கு மூன்று கேள்வி என்றாலே பாடம் ஓடிவிடும்.

தனிமை முதல் கிழமையில் வராது. புதினமெல்லாம் முடிந்து, மூன்றாம் கிழமை அளவில் வரும். அப்போது அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன் எடுத்தபடி இருந்தால் கூடும். காலையில் ஒரே கடையில் சாப்பிடுங்கள், ஒன்று முதல் பத்துவரை அவர்கள் மொழியில் எண்ணப் பழகுங்கள், அந்தக் கடைக்காரம்மாவே முதல் சிநேகிதியாவார். அம்மாவுக்குக் கிழமையில் மூன்று நாள், ஊர் நேரம் இரவு ஏழரைக்கு எடுங்கள், அங்கே ஒன்பது மணி. அந்த வீட்டம்மாவோடு வீடியோவில் ஒருதரம் அம்மாவைக் கதைக்கவிடுங்கள், பாஷை புரியாவிட்டாலும் பரவாயில்லை. ஹனோயில் இலங்கைத் தூதரகம் இருக்கிறது. அதன் இலக்கத்தோடு பொலிஸ் 113, அம்புலன்ஸ் 115 என்றும் எழுதி அம்மாவிடம் கொடுங்கள். அந்த வீடு பிடிக்காவிட்டால் யாரையும் கேட்காமல் வெளியேற, மூன்று இரவு விடுதிக்கான டொலரைத் தனியே வைத்திருங்கள்.

பீடத்தில் எழுத்தில் அனுமதி எடுத்தீர்களா? வரவு குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். திகதி உறுதியானதும் முதல் வேலை அதுதான்.