அரை மணி நேரப் பியானோ வகுப்பில் ஆசிரியர் என்னதான் செய்கிறார்?

அன்புள்ள சகோதரிக்கு,

கோவையிலிருந்து இங்கிலாந்தின் ரெடிங் நகருக்குக் குடிவந்து சில மாதங்களே ஆகின்றன என்றும், எட்டு வயது மகளை வீட்டருகே தனியாகப் பியானோ கற்பிக்கும் ஓர் ஆசிரியையிடம் சேர்த்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். ஆறு வாரங்கள் போன பிறகும் பாடம் நகரவில்லை என்பது உங்கள் கவலை. அரை மணி நேரத்தில் ஒரு பகுதி கைதட்டுவதிலும் பாடுவதிலும் கழிகிறது, மீதி நேரத்தில் இரண்டு வரிகளையே பிடித்துக்கொண்டிருக்கிறார், போதாக்குறைக்கு "உனக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்?" என்று குழந்தையையே கேட்கிறார், ஊரில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று ஒழுங்காகப் படியேறிய பிள்ளைக்கு இது போதுமா, வேறு ஆளைப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பிள்ளைகள் இருவரும் இந்த நாட்டில்தான், ஒருவர் பியானோவும் மற்றவர் வயலினுமாக, தனி வகுப்பில் கற்றார்கள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். நீங்கள் குறையென்று எழுதியவற்றில் பெரும்பாலானவை, அந்த ஆசிரியை தம் வேலையைச் சரியாகச் செய்கிறார் என்பதற்கான அடையாளங்களாகவே எனக்குப் படுகின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பிரிட்டனில் வீட்டில் இருந்தபடி இசை கற்பிப்பவர் எந்தப் பள்ளிக்கும் வாரியத்துக்கும் கட்டுப்பட்டவர் அல்லர். அவருக்கென்று விதிக்கப்பட்ட பாடத்திட்டம் கிடையாது. எதை, எந்த வரிசையில், எவ்வளவு வேகத்தில் கற்பிப்பது என்பதை மாணவரைப் பார்த்து அவரே முடிவு செய்கிறார். ஒரே மாலையில் அவரிடம் ஆறு வயதுக் குழந்தையும், தேர்வுக்குத் தயாராகும் பதினான்கு வயதுப் பையனும், பணி ஓய்வுக்குப் பிறகு ஆசைக்காகக் கற்க வந்த ஒரு பெரியவரும் அடுத்தடுத்து வந்து போகலாம். மூவருக்கும் ஒரே புத்தகத்தின் ஒரே பக்கத்தைத் திறப்பவர் நல்ல ஆசிரியர் அல்லர். அதனால்தான் தொடக்க வாரங்களில் பாடத்தைவிட அளவெடுப்பதே அதிகம் நடக்கிறது: விரல்கள் எவ்வளவு விரிகின்றன, கால் தரையில் எட்டுகிறதா, தாளம் உள்ளுக்குள் ஓடுகிறதா, எழுத்தைப் பார்த்து வாசிக்கிறாளா அல்லது காதால் பிடித்து வாசிக்கிறாளா, தவறினால் நின்று யோசிக்கிறாளா அல்லது பதறி முதலிலிருந்து ஆரம்பிக்கிறாளா என்பதையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிடித்த பாட்டைக் கேட்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். அந்தக் கேள்விக்கு நம்மில் பல தாய்மார் குழந்தையை முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுகிறோம். இனி அவளே சொல்லட்டும் என்று விட்டுவிடுங்கள்.

இரண்டு வரிகளையே பிடித்துக்கொண்டிருப்பதன் உள்விவரம் இது. ஒரு முறை என் மகள் ஒரு சிறு துண்டை, அதாவது ஒரு சிறிய இசைப் படைப்பை, வீட்டில் முழுவதுமாகத் தயார் செய்துகொண்டு போனாள். ஆசிரியை அதை ஒரு முறை மட்டும் கடைசிவரை கேட்டார். பிறகு ஒன்பதாவது பாரில் (இசைத்தாளில் கோடுகளால் பிரிக்கப்பட்ட ஒரு தாளக் கட்டத்தில்) பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். அங்கே இடது கை தாவ வேண்டிய இடத்தில் அவள் ஒவ்வொரு முறையும் கண்ணைத் தாளிலிருந்து எடுத்து விசைகளைப் பார்த்தாள், அதனால் வலது கை தயங்கியது. அவர் "தவறு" என்று சொல்லவில்லை; "எங்கே நின்றது என்று கேட்டாயா?" என்று கேட்டார். வலது கையை மடியில் வைக்கச் சொல்லி, அந்தத் தாவலை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொன்னார். அது சரியானதும் முந்தைய பாரையும் சேர்த்து, பிறகு அதற்கும் முந்தையதைச் சேர்த்து, பின்னிருந்து முன்னாக வளர்த்துக்கொண்டு போனார். வகுப்பு முடிந்தபோது அவள் நான்கு பார்களைத்தான் வாசித்திருந்தாள். ஆனால் வீட்டுக்கு வந்து மற்ற இடங்களில் இருந்த தாவல்களை அதே முறையில் தானாகவே திருத்திக்கொண்டாள். அந்த அரை மணியில் அவளுக்குக் கிடைத்தது ஒரு பாட்டு அன்று, சிக்கலை அவிழ்க்கும் ஒரு வழி.

கைதட்டலும் பாடலும் நேரங்கடத்தல் என்று நினைக்க வேண்டாம். இங்கே பெரும்பாலான பிள்ளைகள் எழுதும் இசைத் தேர்வுகளை 1889இல் தொடங்கப்பட்ட ஏபிஆர்எஸ்எம் வாரியம் நடத்துகிறது. டிரினிட்டி வாரியமும் உண்டு. ஏபிஆர்எஸ்எம்மின் நேரடித் தேர்வில் எட்டுப் படிகள் (கிரேடுகள்) உண்டு, ஒவ்வொன்றிலும் மொத்தம் 150 மதிப்பெண். மூன்று துண்டுகளுக்கு 90, ஸ்கேல்கள் எனும் சுர வரிசைகளுக்கு 21, பார்த்தவுடன் வாசிப்பதற்கு 21, கேட்டுணர்தலுக்கு 18. தேர்ச்சிக்கு 100 வேண்டும். முதல் படியின் கேட்டுணர்தல் பகுதியில், தேர்வாளர் வாசிக்கும்போது குழந்தை தாளத்தைத் தட்டி, அது இரண்டு எண்ணிக்கையா மூன்றா என்று சொல்ல வேண்டும். வாசித்துக் காட்டும் சிறு தொடர்களைத் திருப்பிப் பாட வேண்டும். உங்கள் மகளுக்கு இது கைவந்த கலையாக இருக்கும். ஆசிரியை அதைக் கண்டுகொண்டு வளர்க்கிறார் என்றால் நீங்கள் மகிழ வேண்டும்.

அவள் சங்கீதம் கற்றவள் என்பதை ஆசிரியையிடம் விரிவாகச் சொன்னீர்களா என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. அவசியம் சொல்லுங்கள். கர்நாடக இசை கற்று வரும் நம் பிள்ளைகளிடம் இங்குள்ள ஆசிரியர்கள் காணும் பொதுவான தன்மை ஒன்று உண்டு: காதும் நினைவும் கூர்மை, தாளைப் பார்த்து வாசிப்பது மந்தம். ஆசிரியர் ஒரு முறை வாசித்துக் காட்டியதும் பாட்டு மனத்தில் பதிந்துவிடுகிறது. அதன்பின் கண் தாளைப் பார்ப்பதே இல்லை. சிறு துண்டுகளில் இது கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். இரண்டு கைக்கும் தனித்தனி வரிகள் ஓடும் நீண்ட துண்டுகள் வரும்போது குழந்தை திணறிப்போகும். இதை அறிந்த ஆசிரியர் வாசித்துக் காட்டுவதைக் குறைத்துக்கொண்டு, நிலைக்குச் சற்றுக் கீழான எளிய துண்டுகளை நிறையக் கொடுத்து, ஒவ்வொன்றையும் ஓரிரு முறை மட்டுமே வாசிக்க வைப்பார். அதைப் பார்த்து, "பின்னோக்கி இழுக்கிறார்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம் ஸட்ஜம் பாடுபவரின் சுருதிக்கேற்ப எங்கும் அமரும். பியானோவில் ஒவ்வொரு விசைக்கும் சுரம் நிலையானது. குழந்தைக்கு இது முதலில் குழப்பமாக இருந்தாலும், தெரிந்த ஆசிரியர் இரண்டையும் இணைத்துக் காட்டிவிடுவார். வயலின் என்றால் இன்னும் கவனம் தேவை: நம்மவர் தரையில் அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியைக் காலருகே ஊன்றி, ஸ-ப-ஸ-ப என்று சுருதி சேர்ப்பர், மேற்கத்திய முறையில் நின்று, தாடைக்கடியில் பிடித்து, ஜி-டி-ஏ-இ என்று தந்தி கட்டுவர். வார இறுதியில் ஒன்றும் வாரநாளில் மற்றொன்றுமாகக் கற்கும் பிள்ளைகள் உண்டு. இரு ஆசிரியர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

வகுப்பு என்பது வாரத்தில் அரை மணிதான். கற்றல் நடப்பது மீதி ஆறு நாட்களில், உங்கள் வீட்டில். ஆகவே ஆசிரியரை எடைபோட நான் பார்ப்பது வகுப்பில் எத்தனை பக்கம் புரண்டது என்பதை அன்று, குழந்தை வீடு திரும்பும்போது என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கே தெரிகிறதா என்பதைத்தான். "தினமும் பயிற்சி செய்" என்று மட்டும் சொல்லி அனுப்புபவரைவிட, குறிப்பேட்டில் "5 முதல் 8 வரையான பார்கள், இடது கை மட்டும், மெதுவாக, தொடர்ந்து மூன்று முறை சரியாக வந்தால் நிறுத்திவிடு" என்று எழுதி அனுப்புபவர் ஆயிரம் மடங்கு மேல். குறிப்பேடு இல்லையென்றால் ஒன்று வாங்கிக் கொடுத்து, எழுதித் தரும்படி கேட்கலாம்; எவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வகுப்பில் பெற்றோர் அமர்வது ஆசிரியருக்கு ஆசிரியர் வேறுபடும். ஜப்பானின் ஷினிச்சி சுஸுகி வகுத்த முறையைப் பின்பற்றுபவர்கள் பெற்றோர் உடனிருந்தே ஆக வேண்டும் என்பார்கள். வேறு சிலர் கதவை மெல்லச் சாத்திவிடுவார்கள். கேட்டுக்கொண்டு நடங்கள். வீட்டில் இருப்பது 61 விசை கொண்ட சாதாரண கீபோர்டு என்றால், விரலின் அழுத்தத்தைக் கற்க அது உதவாது. எடையுள்ள 88 விசைகள் கொண்ட மின்பியானோ ஒன்றைப் பழையதாகவோ வாடகைக்கோ பார்ப்பது நல்லது.

தேர்வுகளைப் பற்றி நம் சமூகத்தில் நடக்கும் ஓட்டப்பந்தயம் எனக்கு உவப்பானது அன்று. பிறந்தநாள் விருந்துகளில் "எத்தனையாவது கிரேடு?" என்பதே முதல் விசாரிப்பாக இருக்கும். ஒவ்வொரு படியையும் வரிசையாக எழுத வேண்டும் என்ற விதி எதுவுமில்லை. தயாரானபோது எழுதலாம், இடையில் தாண்டவும் செய்யலாம். ஏபிஆர்எஸ்எம்மில் ஆறாம் படியையும் அதற்கு மேற்பட்ட படிகளையும் எழுத ஐந்தாம் படி இசைக் கோட்பாட்டிலோ அதற்கு ஈடான தேர்வொன்றிலோ தேர்ச்சி வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஆண்டு முழுவதும் மூன்றே துண்டுகளை அரைத்துக்கொண்டு தேர்வுக்குப் போகும் பிள்ளை, நான்காவது துண்டொன்றை யாராவது கொடுத்தால் விழிக்கிறது. தேர்வைப் பற்றி உங்கள் ஆசிரியை இதுவரை பேசவில்லை என்பதை நான் நல்லதாகவே கொள்கிறேன்.

கட்டணத்தில் விட்டுப்போன வகுப்புக்கும் பணம் கேட்கிறார் என்று சலித்துக்கொண்டீர்கள். பள்ளி விடும் நேரத்திலிருந்து இரவு உணவு நேரம் வரைக்குமான சில மணிகளில்தான் அவர் வருமானம் முழுவதும் அடங்கியிருக்கிறது. உங்கள் அரை மணியை அன்று வேறொருவருக்குக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு பள்ளிப் பருவத்துக்கும் (டெர்ம்) முன்பணம், ரத்துக்கு முன்னறிவிப்பு என்பவை இங்கே எங்கும் உள்ள வழக்கம்.

மாற்ற வேண்டிய சூழலும் உண்டு. இந்த நாட்டில் தனியாக இசை கற்பிக்கச் சட்டப்படி எந்தப் பட்டமும் உரிமமும் கட்டாயமில்லை என்பதால், அவருடைய தகுதியையும், பிள்ளைகளுடன் பணிபுரிவோருக்கான டிபிஎஸ் எனும் குற்றப் பின்னணிச் சோதனைச் சான்றையும் கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம். வகுப்பு முழுவதும் ஆசிரியரே பேசுகிறார், அல்லது அவரே வாசிக்கிறார், அல்லது குழந்தை வகுப்பு நாளன்று வயிற்றுவலி என்கிறாள் என்றால் யோசியுங்கள். இரண்டு பருவங்கள் முடிந்தும் யார் உதவியும் இன்றி ஒரு சிறு புதிய துண்டைத் தானே எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லை என்றாலும் யோசியுங்கள். அதற்கு முன் ஆசிரியையிடம் பத்து நிமிடம் தனியாக நேரம் கேட்டு, "இந்தப் பருவத்தில் இவளிடம் எதை வளர்க்க எண்ணுகிறீர்கள்?" என்று கேளுங்கள், தெளிவான பதில் வந்தால் தொடருங்கள். வராவிட்டால், சேரும்போது கையொப்பமிட்ட தாளில் முன்னறிவிப்புக் காலம் என்னவென்று பார்த்துவிட்டு, அதற்குள் வேறிடத்தில் ஒரு சோதனை வகுப்புக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள். நல்ல ஆசிரியர்களிடம் காத்திருப்போர் பட்டியல் நீளமாகவே இருக்கும்.