ஒன்ராறியோவில் ஓய்வுக்காலத்துக்கு எந்தச் சின்ன ஊர் நல்லது?

கேள்வி இது: "ரொறன்ரோவின் ஸ்காபரோவில் முப்பது வருடமாக இருக்கிறோம். அடுத்த வருடம் எனக்கு 65. வீட்டை விற்றுவிட்டு, ஒன்ராறியோவிலேயே அமைதியான ஒரு சின்ன ஊரில் மிச்சக் காலத்தைக் கழிக்க நானும் மனைவியும் விரும்புகிறோம். குளிர் எங்களுக்குப் பழகிப் போய்விட்டது. எந்த ஊரைப் பார்க்கலாம்?"

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒன்ராறியோ ஏரிக்கரையில் இருக்கும் கோபர்க். அது சரிவராவிட்டால் பீற்றர்பரோ, அதைச் சின்ன ஊர் என்று நீங்கள் ஒத்துக்கொண்டால். வடக்கே ஏரிகள் நிறைந்த மஸ்கோகா, ஹாலிபேர்ட்டன் பக்கமெல்லாம் கோடையில் வாடகைக்கு எடுத்துப் போய்வாருங்கள், வீடு வாங்க வேண்டாம். நான் இருப்பது ஒரில்லியாவில். எனக்கு இந்த ஊர் பிடிக்கும், விட்டுப் போகிற எண்ணமும் இல்லை. ஆனாலும் உங்களுக்கு அதை முதலாவதாகச் சொல்லவில்லை. காரணம் பனி.

குளிர் பழகிவிட்டது என்கிறீர்கள். குளிர் ஒரு பெரிய விஷயமே இல்லை. நல்ல ஜக்கெட்டும் சப்பாத்தும் இருந்தால் மைனஸ் இருபதிலும் வெளியே போய்வரலாம். வயது போன காலத்தில் ஆளை வீட்டுக்குள் அடைத்துப்போடுவது பனியும் ஐசும்தான். இந்த இரண்டிலும் ஒன்ராறியோவின் ஊர்களுக்கிடையே பெரிய வித்தியாசம் உண்டு. ஜோர்ஜியன் விரிகுடாவின் தண்ணீர் உறையாமல் கிடக்கும் டிசம்பர், ஜனவரியில் வடமேற்குக் குளிர்காற்று அதன்மேல் வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கிழக்கு, தெற்குக் கரைப் பக்கம் கொட்டும். ஓவன் சவுண்ட், கொலிங்வுட், பாரி, ஒரில்லியா, கிரேவன்ஹேர்ஸ்ட் எல்லாம் இந்தப் பாதையில் இருக்கும் ஊர்கள். ரொறன்ரோவில் ஒரு வருடத்தில் விழுவதைப்போல இரண்டு மடங்கு பனி இங்கே சாதாரணம். 2024 நவம்பர் கடைசியில் கிரேவன்ஹேர்ஸ்ட் பகுதியில் இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு மீட்டருக்கு மேல் கொட்டி, நெடுஞ்சாலை 11 மூடப்பட்டு, ஊரில் அவசரநிலை அறிவித்தார்கள். அதே நேரம் கோபர்க்கில் நடந்து கடைக்குப் போயிருக்கலாம். ஒன்ராறியோ ஏரியின் வடகரையில் இருப்பதால் அந்தக் காற்று அங்கே ஏரியைத் தாண்டி வருவதில்லை.

சரி, பனி விழட்டும், வழிக்கத்தானே ஆள் இருக்கிறார்கள் என்பீர்கள். இதில்தான் ஸ்காபரோ உங்களுக்கு ஒரு விஷயத்தைக் காட்டாமலே வைத்திருக்கிறது. வீதியை வழிக்கும் வண்டி விடியற்காலையில் போகும்போது, வீதியில் கிடந்ததெல்லாம் உங்கள் டிரைவ்வே வாயில் முழங்கால் உயரத்துக்கு வயல் வரம்பு மாதிரி ஒதுங்கி நிற்கும். ஸ்காபரோவில் நகரசபையே இன்னொரு வண்டி அனுப்பி அதைத் திறந்துவிடும். பெரும்பாலான சின்ன ஊர்களில் அது உங்கள் வேலை. வானத்திலிருந்து விழுந்த பனியை எவரும் தள்ளலாம். இது வேறு. வண்டியின் தகடு நெரித்து, உப்பும் மண்ணும் கலந்து, பாதி உருகி, ஒரு மணி நேரத்தில் இறுகிவிடும். சவல் உள்ளே இறங்காது. முதலில் விளிம்பால் குத்தி உடைக்க வேண்டும், அப்புறம் துண்டு துண்டாகத் தூக்கி அந்தப் பக்கம் எறிய வேண்டும். முடித்துவிட்டு உள்ளே வந்து தேத்தண்ணி குடிக்கும்போது வண்டி இரண்டாம் முறை வரும்.

குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும், அழுத்தம் ஏறும். அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையால் பாரம் தூக்குவது இதயத்துக்கு ஆகாத வேலை. ஒவ்வொரு பெரிய பனிக்குப் பிறகும் வைத்தியர்கள் எச்சரிப்பது இதைத்தான். ஆகவே வீடு பார்க்கப் போகும்போது டிரைவ்வேயின் நீளத்தைப் பாருங்கள். முகவர் சமையலறைக் கல்லைத் தடவிக் காட்டுவார், அது எங்கேயும் ஓடிப்போகாது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஒப்பந்தத்துக்குப் பனி வழிக்கும் ஆட்கள் ஊரில் இருக்கிறார்களா, புதிய வாடிக்கையாளரை எடுக்கிறார்களா என்பதை வீடு வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். ஒக்டோபரில் கேட்டால் பலர் "லிஸ்ட் நிரம்பிவிட்டது" என்பார்கள்.

அடுத்தது வைத்தியம். ஒன்ராறியோவில் ஏறக்குறைய இருபது லட்சம் பேர் குடும்ப வைத்தியர் இல்லாமல் இருக்கிறார்கள். 2029க்குள் எல்லோருக்கும் ஏற்பாடு செய்வோம் என்று மாகாண அரசு சொல்லி, அந்தப் பொறுப்பை முன்னாள் மத்திய சுகாதார அமைச்சர் ஜேன் பில்போட்டிடம் ஒப்படைத்தது. நல்லது, நடக்கட்டும். அதுவரை ஸ்காபரோ வைத்தியரை விட்டுவிடாதீர்கள். மாகாண அரசின் ஹெல்த் கெயார் கனெக்ட் பட்டியல் வைத்தியர் இல்லாதவர்களுக்கானது, அதில் பெயர் போட்டுவிட்டு எவ்வளவு காலம் காத்திருப்பது என்பதற்குக் கணக்கில்லை. வருடத்தில் சில தடவை ஒன்றரை மணி நேரம் கார் ஓடிப் போய்த் தெரிந்த வைத்தியரைப் பார்ப்பது அதைவிட எவ்வளவோ மேல். கோபர்க்கைச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: ஊருக்குள்ளேயே வைத்தியசாலை இருக்கிறது, ரொறன்ரோவுக்கு வியா ரயிலும் இருக்கிறது. கார் ஓட மனமில்லாத நாளில் ரயிலேறலாம்.

"அந்த ஊரிலும் வைத்தியசாலை இருக்கிறதே" என்று வரைபடத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மிண்டனிலும் இருந்தது. 2023 ஜூன் முதலாம் திகதியோடு அதன் அவசரப் பிரிவை மூடி, ஹாலிபேர்ட்டனில் இருந்ததோடு சேர்த்துவிட்டார்கள். ஆள் பற்றாக்குறைதான் காரணம். மக்களுக்கு ஆறு வாரத்துக்கு முன்னர்தான் சொன்னார்கள். ஊர் கூடி எதிர்த்தும் ஒன்றும் மாறவில்லை. இரண்டு ஊருக்கும் இடையில் இருபத்தைந்து கிலோமீட்டர், ஜூலையில் அது ஒரு தூரமே இல்லை. கிளின்டன், செஸ்லி மாதிரி ஊர்களிலும் அவசரப் பிரிவு இரவில் திறக்காத நிலை வந்திருக்கிறது. ஆகவே அந்த ஊர்ப் பத்திரிகையில் கடந்த இரண்டு மூன்று வருடச் செய்திகளைத் தேடிப் படியுங்கள். விளம்பரக் கையேட்டில் ஏரியும் மேப்பிள் இலையும்தான் இருக்கும்.

இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2022இல் வந்த சட்டத்தின்படி, வைத்தியசாலையில் இனிச் சிகிச்சை தேவையில்லை, முதியோர் பராமரிப்பு இல்லம்தான் தேவை என்ற நிலைக்கு வந்தவரை, அவர் கேட்காத ஓர் இல்லத்துக்கும் அனுப்பலாம். தெற்கு ஒன்ராறியோவில் 70 கிலோமீட்டர் வரை, வடக்கில் 150 கிலோமீட்டர் வரை. மாட்டேன் என்று வைத்தியசாலையிலேயே இருந்தால் நாளுக்கு 400 டொலர் கட்டணம். இதைப் படித்துவிட்டு பெப்ரவரி மாதத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவர் அங்கே, மற்றவர் இங்கே. பார்க்கப் போக வேண்டியவர் கார் ஓடாதவராகவும் இருக்கலாம்.

கார் ஓட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது: ஒன்ராறியோவில் 80 வயதானால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சாரதி அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும். கண் பரிசோதனை, குழுவாக ஒரு வகுப்பு, மணிக்கூட்டை வரைந்து முள்ளைச் சரியான இடத்தில் வைக்கச் சொல்லும் ஒரு சின்னச் சோதனை. பலர் தாண்டிவிடுகிறார்கள். பலர் அதற்கு முன்பே தாங்களாக இரவு ஓட்டத்தை நிறுத்திவிடுகிறார்கள். டிசம்பரில் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுவதால், இரவு ஓட்டத்தை விடுவதென்றால் பாதி நாளை விடுவது. கிரேஹவுண்ட் பஸ் 2021இல் கனடாவுக்குள் ஊருக்கு ஊர் ஓடுவதை நிறுத்திவிட்டது. வடக்கு ஊர்களுக்கு ஒன்ராறியோ நோர்த்லண்ட் பஸ் ஓடுகிறது, ஆனால் ஊருக்குள் மருந்துக்கடைக்கு அது கூட்டிக்கொண்டு போகாது. ஆகவே வரைபடத்தில் வைத்தியசாலை, மருந்துக்கடை, பலசரக்குக் கடை, நூலகம் நாலையும் குறியுங்கள். அவற்றுக்கு நடுவில், நடந்து போகிற தூரத்தில் வீடு பாருங்கள். ஏரி தெரியும் ஜன்னல் கிடைக்காமல் போகலாம், பரவாயில்லை.

எலியட் லேக் பற்றி யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள், வீட்டு விலை மலிவு என்று. அது 1950களில் யுரேனியத்துக்காகக் காட்டுக்குள் கட்டிய ஊர். 1990களில் சுரங்கங்கள் மூடியதும் தொழிலாளர் வீடுகள் காலியாகக் கிடந்தன. அவற்றை ஓய்வு பெற்றவர்களுக்கு வாடகைக்கு விட்டு ஊரைக் காப்பாற்றினார்கள், உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமான யோசனை. இப்போது கனடாவில் மிக வயதானவர்கள் வாழும் ஊர்களில் அதுவும் ஒன்று. ஆனால் சிறப்பு வைத்தியர் என்றால் பெரும்பாலும் சட்பரிக்கு ஓட வேண்டும், ஏறக்குறைய 160 கிலோமீட்டர். 2012 ஜூனில் அந்த ஊரின் அல்கோ சென்ரர் அங்காடியின் கூரை இடிந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். கூரைமேல் கார் தரிப்பிடம். வருடக் கணக்காக உப்புத் தண்ணீர் ஒழுகி இரும்பு துருப்பிடித்துப் போயிருந்தது. கடைகள், ஹோட்டல், நூலகம் எல்லாம் அந்த ஒரே கட்டடத்துக்குள் இருந்தன. ஒரே நாளில் ஊருக்கு அவ்வளவும் இல்லாமல் போயிற்று. இந்த ஊரை நான் குறைவாகச் சொல்லவில்லை, அங்கே சந்தோசமாக இருப்பவர்களை எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் பிள்ளைகள் ரொறன்ரோவில் இருந்தால், அவர்களுக்கு அது ஐந்தரை, ஆறு மணி நேர ஓட்டம்.

மின்சாரம். 2025 மார்ச் கடைசியில் ஒரில்லியாவில் உறைமழை, அதாவது பட்ட இடத்திலேயே ஐசாகும் மழை, பெய்தது. இரவு முழுக்கக் கிளைகள் முறிந்து விழும் சத்தம், இடையிடையே மின்மாற்றி வெடிக்கும் பச்சை வெளிச்சம். பீற்றர்பரோவிலும் அடி பலம்தான், அதை மறைக்கவில்லை. பல வீடுகளுக்கு ஒரு வாரம் கடந்தும் மின்சாரம் வரவில்லை. எரிவாயு இருக்கிறதுதானே என்று நினைக்காதீர்கள். வீட்டைச் சூடாக்கும் பேர்னஸில் நெருப்பு எரிந்தாலும் சூட்டை வீட்டுக்குள் தள்ளும் விசிறிக்கு மின்சாரம் வேண்டும். ஊருக்கு வெளியே கிணற்றுத் தண்ணீரில் இருப்பவர்களுக்குப் பம்பும் நின்று தண்ணீரும் இல்லை. மின்சாரம் இல்லாமலே எரியும் எரிவாயுக் கணப்பு வைத்திருந்த வீடுகளில்தான் அந்தத் தெருவே கூடியிருந்தது. ஜெனறேற்றர் வாங்கினால் அதைக் கராஜுக்குள் வைத்து ஓட்டவே கூடாது, அந்தப் புகை ஆளைக் கொல்லும். விறகு அடுப்புள்ள வீடு அழகுதான், ஆனால் காப்புறுதிக் கம்பனி தனியாகப் பரிசோதனை அறிக்கை கேட்கும்.

காசு விஷயம் சுருக்கமாக. ரொறன்ரோவுக்கு வெளியே வாங்கும்போது மாகாணத்தின் காணி மாற்று வரி மட்டும்தான், நகரசபையின் இரண்டாவது வரி இல்லை. அந்தச் சந்தோசத்தில் வருடாந்த வீட்டு வரியை மறந்துவிடாதீர்கள். சின்ன ஊர்களில் வரி வீதம் ரொறன்ரோவை விட அதிகம், சில இடங்களில் இரண்டு மடங்கு. விற்பவரிடம் வரிச் சிட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் ஆட்கள் இல்லையே என்ற கவலை உங்கள் மனைவிக்கு இருக்கும், நீங்கள் எழுதவில்லை. கறிவேப்பிலையை உறைபெட்டியில் போட்டுக்கொள்ளலாம், கோயிலுக்கு மாதத்தில் ஒருமுறை போய்வரலாம். ஆனால் நம் வயதில் கலியாண வீட்டைவிடச் செத்தவீடுதான் கூட. அவை எல்லாம் ஸ்காபரோவிலும் பக்கத்து மார்க்கம் நகரிலும் நடக்கும், பெரும்பாலும் குளிர் காலத்தில், ஒரு நாள் அவகாசத்தில். ஒன்றே கால் மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஊர் என்றால் போவீர்கள். மூன்று மணி நேரம் என்றால் தொலைபேசியில் துக்கம் விசாரிப்பீர்கள்.

கடைசியாக, ஸ்காபரோ வீட்டை விற்பதற்கு முன்னால் ஜனவரி முதல் மார்ச் வரை கோபர்க்கிலோ வேறெங்கோ வாடகைக்கு இருந்து பாருங்கள். கோடைக்கு விடும் வீடுகள் அந்தக் காலத்தில் சும்மா கிடக்கும், பேரம் பேசலாம். இருக்கும்போது நகரசபைக்கு ஒரு போன் எடுத்து, எந்தெந்த வீதியில் எந்தப் பக்க நடைபாதையை வழிக்கிறார்கள் என்று கேளுங்கள். பல ஊர்களில் ஒரு பக்கம்தான் வழிப்பார்கள். வீட்டை அந்தப் பக்கத்தில் தேடுங்கள்.