வெயில் காலத்திலும் வீசிங் வருவது ஏன்?

கேள்வி: நாங்கள் வட சென்னையின் தொழிற்சாலைப் பகுதியான மணலியில் வாடகை வீட்டில் வசிக்கிறோம். ஒன்பது வயது மகனுக்கு இரண்டு ஆண்டுகளாக வீசிங் இருக்கிறது. அது பனிக்காலத்து நோய் என்றுதான் நினைத்திருந்தோம். ஆனால் கடந்த ஏப்ரல், மே மாதங்களில்தான் அடிக்கடி வந்தது. மருத்துவர் இரண்டு இன்ஹேலர்கள் எழுதிக் கொடுத்தார். பழகிவிடும் என்று எல்லோரும் சொல்வதால் இழுப்பு வரும்போது மட்டும் நீல நிற இன்ஹேலரைத் தருகிறோம். 68 வயதாகும் என் மாமியார் இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறார். பீடி, சிகரெட் எதையும் தொட்டறியாத அவருக்கு சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருப்பதாகச் சொல்கிறார்கள். கோடையில் அவருக்கு மூச்சுத்திணறலோடு தலைசுற்றலும் வருகிறது. இதற்கெல்லாம் காரணம் வெயிலா, காற்றா? ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா? வேறு பகுதிக்கு வீடு மாற வேண்டுமா?

பதில்: வெயில், காற்று இரண்டில் ஒன்றை மட்டும் குற்றவாளியாக்க இயலாது. இரண்டும் ஒரே நாளில் கடுமையாகச் சேரும்போது ஏற்படும் பாதிப்பு, தனித்தனியே ஏற்படும் பாதிப்புகளின் கூட்டுத்தொகையைவிடப் பெரியது. கலிஃபோர்னியாவில் 2014 முதல் 2020 வரை நிகழ்ந்த இறப்புகளை ஆராய்ந்து 2022இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கடும் வெப்பம் மட்டும் நிலவிய நாட்களில் இறப்பு அபாயம் சுமார் 6 விழுக்காடும், நுண்துகள் மாசு மட்டும் மிகுந்திருந்த நாட்களில் சுமார் 5 விழுக்காடும் கூடியது. இரண்டும் சேர்ந்த நாட்களில் அது 21 விழுக்காடு கூடியது. சென்னையின் ஈரப்பதம் மிகுந்த கோடை வேறு வகையானது என்பதால் அந்த எண்களை இங்கே அப்படியே பொருத்த மாட்டேன். ஆனால் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் உடலியக்கம் எல்லா ஊர் மக்களுக்கும் பொதுவானது.

வெயிலில் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்வதற்காகத் தோலின் இரத்தக் குழாய்களை விரிக்கிறது. வியர்வையில் நீரும் உப்பும் வெளியேறுகின்றன. குறைந்துபோன இரத்த அளவைக் கொண்டே இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. அதே வேளையில் பி.எம். 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைந்த விட்டமும் கொண்ட நுண்துகள்கள் மூச்சுக்குழாய்களைக் கடந்து நுரையீரலின் காற்றுப்பைகள் வரை சென்று அழற்சியை உண்டாக்குகின்றன. அந்த அழற்சி நுரையீரலோடு நிற்பதில்லை; இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்வதோடு இரத்தம் உறையும் தன்மையையும் கூட்டுகிறது. வெப்பத்தைச் சமாளிக்க எந்தக் குழாய்கள் தாராளமாக விரிய வேண்டுமோ அவற்றையே மாசு இறுக்கிப் பிடிக்கிறது என்பதால்தான், நுரையீரல் நோயாளிகளைப் போலவே இதய நோயாளிகளும் இத்தகைய நாட்களில் மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

உங்கள் மகனுக்குக் கோடையில் இழுப்பு வருவதற்கு இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். வாகனங்களும் ஆலைகளும் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோலியப் பொருட்களிலிருந்தும் கரைப்பான்களிலிருந்தும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரிந்து தரைமட்ட ஓசோனாக மாறுகின்றன. உயரத்தில் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து நம்மைக் காக்கும் அதே வாயு, மூச்சோடு உள்ளே போனால் மூச்சுக்குழாயின் உட்சுவரை எரிச்சலூட்டி ஆஸ்துமாவைத் தூண்டிவிடும். வெயில் கடுமையாகும்போது அது உருவாகும் வேகமும் கூடுவதால் பெரும்பாலும் நண்பகலுக்குப் பின் உச்சத்தை அடைகிறது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் தெருவில் கிரிக்கெட் ஆடும் நேரமும் பெரும்பாலும் அதுதான். ஓசோன்தான் காரணம் என்று நேரில் பரிசோதிக்காமல் உறுதிகூற மாட்டேன். படுக்கையில் வாழும் தூசிப் பூச்சி, சுவரின் பூஞ்சை, சளிக்காய்ச்சல் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ஆனாலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் அனல் மின் நிலையங்களுக்கும் அருகில் வாழும் ஒரு சிறுவனுக்குக் கோடையில் வீசிங் கூடுகிறது என்பது மருத்துவரை வியப்பில் ஆழ்த்தும் செய்தியன்று.

இப்போது இன்ஹேலர். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்திய வரி, நீல நிற இன்ஹேலரை மட்டும் தருகிறோம் என்பதுதான். அதிலுள்ள சால்பியூட்டமால் இறுகிய மூச்சுக்குழாயைச் சில மணி நேரத்துக்குத் தளர்த்துமே தவிர, உள்ளே கனன்றுகொண்டிருக்கும் அழற்சியைக் குறைக்காது. மாசு தினந்தோறும் தூண்டிக்கொண்டிருப்பது அந்த அழற்சியைத்தான். அதை அடக்குவது, மருத்துவர் அநேகமாக எழுதிக்கொடுத்து நீங்கள் ஒதுக்கிவைத்திருக்கும் இரண்டாவது இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு. மாத்திரையாகக் கொடுத்தால் மில்லிகிராம் கணக்கில் தேவைப்படும் மருந்து இதில் மைக்ரோகிராம் கணக்கில்தான் செல்கிறது. அது பழக்கத்துக்கு அடிமையாக்காது. நீல இன்ஹேலரை மட்டுமே நம்பி ஆஸ்துமாவுக்குச் சிகிச்சை செய்வதை உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் குழுவான ஜீனா பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் 2019 முதல் பரிந்துரைப்பதில்லை; உங்கள் மகனின் வயதுப் பிள்ளைகளுக்கும் ஸ்டீராய்டு மருந்து சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதுதான் அதன் நிலை. ஸ்பேசர் எனப்படும் குடுவையைப் பொருத்திக் கொடுங்கள். கொடுத்தபின் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். கோடையில் இன்ஹேலரை ஸ்கூட்டர் பெட்டியிலோ ஜன்னல் ஓரத்திலோ வைக்காதீர்கள். பொடியாக இழுக்கும் ரோட்டாகேப் வகையாக இருந்தால் ஈரக்கையால் தொடக் கூடாது. சென்னைக் காற்றின் ஈரப்பதமே அதற்குப் பகை.

மாமியாரின் கதை பெரும்பாலும் மணலியில் தொடங்கியிருக்காது. புகைபிடிக்காத நம் நாட்டுப் பெண்களுக்கு சி.ஓ.பி.டி. வருவதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று, பல ஆண்டுகள் விறகடுப்பின் முன் உட்கார்ந்து சமைத்தது. அவருடைய இளமைக்காலச் சமையலறையைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். அன்று சேதமடைந்த நுரையீரலுக்கு இன்றைய வெளிக்காற்று மேலும் சுமையாகிறது. ஊதச் சொல்லி மூச்சின் அளவைக் கணக்கிடும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை செய்து நோயை உறுதிப்படுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். இன்ஃபுளுயன்சா தடுப்பூசி, நிமோகாக்கல் தடுப்பூசி இரண்டையும் போடலாமா என்று கேளுங்கள்.

தலைசுற்றலுக்குத் தனியாகக் கவனம் தேவை. நீர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வியர்வையும் சேர்ந்தால் உடலில் நீரும் சோடியமும் குறைந்து, எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கக்கூடும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கோடை தொடங்கும்போதே மருத்துவரிடம் சென்று, உட்கார்ந்த நிலையிலும் நின்ற நிலையிலும் அழுத்தத்தை அளந்து, சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பரிசோதித்து, அளவை மாற்ற வேண்டுமா என்று அவரே முடிவுசெய்யட்டும். உப்புப் போட்ட மோரையும் ஓ.ஆர்.எஸ். கரைசலையும் எவ்வளவு குடிக்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சளிக்காக மெடிக்கலில் கேட்டு வாங்கும், தூக்கம் வரவழைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் வியர்வையைக் குறைத்து உடல் வெப்பத்தைக் கூட்டக்கூடும் என்பதால், முதியவர்களுக்குக் கோடையில் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

காலநிலை மாற்றம் பகல் வெப்பத்தோடு இரவு வெப்பத்தையும் கூட்டுகிறது. பகல் முழுவதும் திணறிய இதயம் இளைப்பாறும் நேரம் இரவுதான். கான்கிரீட் சுவர்கள் வெப்பத்தைக் கக்கும் மாடி வீட்டில் அந்த இளைப்பாறல் கிடைப்பதில்லை. ஆனால் இப்படி வெப்பத்தால் இறப்பவரின் இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்றோ மூச்சுத்திணறல் என்றோதான் இருக்கும். வெயிலின் பங்கு எழுதப்படுவது அரிது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று அறிவித்த பின், காரணத்தைச் சரியாகப் பதிவுசெய்யும் பொறுப்பு மருத்துவர்களாகிய எங்களுக்குக் கூடியிருக்கிறது.

உங்கள் கேள்வியில் இல்லாவிட்டாலும், வீட்டில் கருவுற்ற பெண்கள் இருக்கும் பிற வாசகர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுத் தாய்மார்களைத் தொடர்ந்து கவனித்ததில், கர்ப்ப காலத்தில் நுண்துகள் அளவு கூடக் கூடக் குழந்தையின் பிறப்பு எடை குறைவதைக் கண்டார்கள். வேலை செய்யும் 800 கர்ப்பிணிகளிடம் அவர்கள் நடத்தி 2024இல் வெளியான மற்றோர் ஆய்வு, கடும் வெப்பத்தில் உழைப்பவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறக்குறைய இரு மடங்காவதாகக் காட்டியது. செங்கற்சூளையிலும் வயலிலும் வேலை செய்யும் பெண்ணிடம் 'ஓய்வெடுங்கள்' என்று சொல்வதில் பொருளில்லை. கூலி குறையாமல் நிழலும் தண்ணீரும் இடைவேளையும் கிடைக்க வேண்டும்.

காற்றின் நிலையை அறிய, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியைப் பயன்படுத்தலாம். மணலியிலேயே கண்காணிப்பு நிலையங்கள் உள்ளன. ஆனால் அதில் பச்சை நிறத்தைக் கண்டு முழுவதும் நிம்மதியடைய வேண்டாம். நுண்துகளுக்கு இந்தியா ஏற்றுக்கொண்ட 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது 15. ஆகவே 'திருப்திகரம்' என்று செயலி காட்டும் நாளிலும் ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மூச்சு இறுகலாம். மேலும் நுண்துகள் மதிப்பு 24 மணி நேரச் சராசரியில் கணக்கிடப்படுவதால், நள்ளிரவில் இரண்டு மணி நேரம் மட்டும் வந்துபோன புகை அதில் கரைந்துபோகும். பென்சீன் போன்ற வாயுக்கள் அந்தக் குறியீட்டில் சேர்க்கப்படுவதே இல்லை. உங்கள் மகனின் மூச்சும் உங்கள் மூக்கும் சொல்வதையும் குறித்துவையுங்கள்.

ஏர் பியூரிஃபையர் பற்றி என் கருத்து: இப்போதைக்கு வேண்டாம். ஹெப்பா வடிகட்டி உள்ள கருவி ஜன்னல்களை மூடிய ஓர் அறையில் துகள்களைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் ஏ.சி. இல்லாத வீட்டில் மே மாதம் ஜன்னல்களை மூடிவைத்தால் மாமியாரின் உடல்நிலை வெப்பத்தால் கெடும். ஹெப்பா வாயுக்களைப் பிடிக்காது. ஓசோனை வெளியிடும் வகைக் கருவிகள் ஆஸ்துமாவை மோசமாக்கவும் செய்யும். அந்தப் பணத்தைச் செலவிடும் முன் கொசுவர்த்திச் சுருளை நிறுத்துங்கள். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள், வகையைப் பொறுத்து 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. கொசுவலை கட்டுங்கள், சாம்பிராணி, ஊதுவத்தியையும் படுக்கையறையில் தவிருங்கள். முகக்கவசத்தில் என்-95 வகை துகள்களுக்கு உதவும், அமோனியாவையோ கந்தக டை ஆக்சைடையோ தடுக்காது, சி.ஓ.பி.டி. உள்ளவரால் வெயிலில் அதை நெடுநேரம் அணிய முடியாது.

வீடு மாறுவது குறித்துத் தொலைவிலிருந்து ஆணையிட எனக்கு உரிமையில்லை. வேலை, பள்ளி, வாடகை எல்லாம் அதில் இருக்கின்றன. நெரிசலான பெருஞ்சாலையை ஒட்டிய வேறொரு வீட்டுக்குப் போனால் நிலைமை மாறாமலும் போகலாம். முதலில் மூன்று மாதங்கள் முறையான சிகிச்சை கொடுங்கள். அதற்குப் பிறகும் இழுப்பு அடங்காமல், வெளியூரில் தங்கும்போது மட்டும் தெளிவாகக் குறைந்தால், மாறுவதைப் பற்றிக் குடும்பமாக உட்கார்ந்து பேசலாம். இதற்காக ஒரு நோட்டில் தேதி, நேரம், இருமல், நாற்றம், இன்ஹேலர் கொடுத்த எண்ணிக்கை ஆகியவற்றை எழுதிவாருங்கள். சிகிச்சைக்கு உதவும் அந்தக் குறிப்பு, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் கொடுக்கும்போதும் சான்றாக நிற்கும். புகார் கொடுப்பதையும் மருத்துவ ஆலோசனையாகவே சொல்கிறேன். நிலக்கரி எரியும் ஒரே புகைபோக்கியிலிருந்துதான் பூமியைச் சூடாக்கும் கரியமில வாயுவும் உங்கள் மகனின் மூச்சைப் பிடிக்கும் கந்தக டை ஆக்சைடும் வெளிவருகின்றன. அனல் மின் நிலையங்களின் கந்தக உமிழ்வுக்கு 2015 டிசம்பரில் வரம்பு விதிக்கப்பட்டும் அதற்கான காலக்கெடு பலமுறை தள்ளிவைக்கப்பட்டது. அந்தத் தாமதத்தை எந்த இன்ஹேலராலும் ஈடுசெய்ய முடியாது.

சில அறிகுறிகள் தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. மகனால் ஒரு வாக்கியத்தைத் தொடர்ந்து பேச முடியாமல் போனாலோ, மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கிடையே குழி விழுந்தாலோ, உதடு நீலமானாலோ, நீல இன்ஹேலர் கொடுத்தும் தணியாவிட்டாலோ 108ஐ அழையுங்கள். மாமியார் வெயில் நாளில் குழப்பமாகப் பேசினாலோ நினைவு மங்கினாலோ, வியர்த்திருந்தாலும் சரி, அதை வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்) என்றே கருதி 108ஐ அழைத்துவிட்டு, நிழலில் படுக்கவைத்து, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். அந்த நிலையில் வாயில் எதையும் புகட்ட வேண்டாம், பாராசிட்டமால் பயன்தராது.

அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது இரண்டு இன்ஹேலர்களையும் மாமியாரின் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். இன்ஹேலரை மகன் எப்படி இழுக்கிறான் என்பதை மருத்துவர் முன் செய்துகாட்டச் சொல்லுங்கள்.